உப்புக்குப் பயந்து ஒளியும் கார்கள்!

வருஷத்தில் ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாத கார்கள் சில உண்டு.

அவை பழுதான கார்கள் அல்ல. வீட்டில் இருக்கும் கார்களிலேயே விலை உயர்ந்தது, அழகானது, வேகமானது அதுதான். ஆனாலும் குளிர் வந்துவிட்டால் அது ஷெட்டுக்குள் போய்விடும். மேலே துணியைப் போர்த்திவிடுவார்கள். பிறகு வசந்தம் பிறந்தால்தான் கண் விழிக்கும்.

அமெரிக்காவின் வடக்கே மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராயிட் நகரம் இருக்கிறது. அங்கே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் வீடுகளில், அக்டோபர் மாதம் பிறந்ததும் ஒரு பேச்சுக் கிளம்பும்.

காரை எந்த நாளில் உள்ளே வைப்பது?

இது ஒரு பெரிய காரியமா என்று தோன்றலாம். பனி விழுந்தால் உள்ளே வைத்துவிட வேண்டியதுதானே! அங்கேதான் சிக்கல். பனி விழுகிற வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

இரண்டு பேர் கார்

ஸ்போர்ட்ஸ் கார் என்பது குடும்பத்தோடு போகும் கார் அல்ல. பெரும்பாலும் இரண்டே பேர் உட்காரலாம். தரையை உரசுவது போலத் தாழ்வாக இருக்கும். பல கார்களில் மேல் கூரையைத் திறந்துவிடலாம். எஞ்சினுக்குப் பலம் அதிகம்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒருவர் மாற்றி ஒருவர்தான் அப்பாவோடு போக முடியும். யாருடைய முறை என்று சண்டை வரும். கடைக்குப் போகவும் வேலைக்குப் போகவும் வேறு கார் இருக்கும். இது சந்தோஷத்துக்காக மட்டும் வைத்திருக்கும் கார்.

இந்தச் சந்தோஷம் டெட்ராயிட்டுக்கு மிகவும் பழக்கமானது. மோட்டார் கார் தொழிலுக்கே பெயர் போன ஊர் அது. அங்குள்ள உட்வர்ட் அவென்யூ என்ற சாலையில், 1995-ம் ஆண்டு முதல் ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை கார்த் திருவிழா நடக்கிறது. பழைய கார்களும் வேகக் கார்களும் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகும். ஜனங்கள் சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்போது கோடைக்காலம். அதற்கு மூன்று மாதம் கழித்து, அதே கார்களில் ஒன்றைக்கூட அந்தச் சாலையில் காண்பது அபூர்வம்.

பூமிக்கு அடியில் உப்பு

கார்களை விரட்டுவது பனி அல்ல; உப்பு.

டெட்ராயிட் நகரத்துக்கு அடியில் ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. சுமார் 1,160 அடி ஆழம். நூறு பனை மரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத ஆழம் என்று எண்ணிவிட வேண்டாம். இருபது பனை போதும். ஆனாலும் பூமிக்குள் அது பெரிய ஆழம்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடல் வற்றியது. உப்பு தங்கியது. அதன் மேல் பாறைகள் படிந்தன. 1906-ல் தோண்ட ஆரம்பித்து, 1910-ல் உப்பு இருக்கும் இடத்தைச் சென்றடைந்தார்கள். இன்று அந்தச் சுரங்கம் 1,500 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. உள்ளே லாரிகள் ஓடுகின்றன. பெரிய லாரியை அப்படியே கீழே இறக்க முடியாது. துண்டு துண்டாகப் பிரித்து இறக்கி, கீழே மறுபடியும் பூட்டுவார்கள்.

இந்த உப்பு சமையலுக்குப் போவதில்லை. சாலைக்குப் போகிறது.

தண்ணீர் உறைந்தால் சாலை கண்ணாடி போல வழுக்கும். தண்ணீரில் உப்பைக் கலந்தால், அது சீக்கிரம் உறையாது. அதனால் குளிர்காலத்தில் லாரி லாரியாக உப்பைச் சாலையில் தூவுகிறார்கள். டெட்ராயிட்டில் இது 1940-ல் தொடங்கியது. உப்பைப் பரவலாகத் தூவிய முதல் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று. சாலை விபத்துகளைக் குறைப்பதில் உப்பு செய்யும் உதவி கொஞ்சமல்ல. பள்ளிக்கூட பஸ்ஸும் ஆம்புலன்ஸும் ஓடுவது அதனால்தான். உப்பைத் திட்டுகிற கார்க்காரர்கள்கூட இதை மறுக்க மாட்டார்கள்.

ஆனால் இரும்புக்கு உப்பு எமன். கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். ஜன்னல் கம்பி எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் துருப்பிடிக்கும். அங்கே காற்றில் வரும் உப்பு அந்த வேலையைச் செய்கிறது. டெட்ராயிட்டிலோ சக்கரம் சுழன்று உப்புத் தண்ணீரைக் காரின் அடிவயிற்றில் வாரி வாரி அடிக்கிறது. சந்து பொந்துகளில் எல்லாம் அது புகுந்துகொள்ளும். 2017-ல் அமெரிக்க மோட்டார் சங்கம் ஒரு கணக்குச் சொன்னது. சாலையில் போடும் உப்பு முதலியவற்றால் வரும் துருவைச் சரிசெய்ய, அந்த நாட்டுக் கார்க்காரர்கள் வருஷத்துக்கு 300 கோடி டாலர் செலவழிக்கிறார்களாம்!

கார் செய்து பேர் வாங்கிய ஊர், காரைத் தின்னும் உப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

உடம்பு தப்பியது, எலும்பு?

டெட்ராயிட்டுக்குப் பக்கத்து ஊர் பிளின்ட். 1953-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, அங்கேதான் முதல் கார்வெட் கார் தயாராகி வெளியே வந்தது. அமெரிக்காவின் புகழ் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. அந்த ஆண்டு செய்ததே 300 கார்கள்தான். எல்லாம் வெள்ளை நிறம். உள்ளே சிவப்பு. பிறகு அதன் தொழிற்சாலை வேறு ஊர்களுக்குப் போய்விட்டது.

அந்தக் காரில் ஒரு விசேஷம். அதன் மேல்உடம்பு இரும்புத் தகடு அல்ல. பைபர் கிளாஸ் என்ற கண்ணாடி நார். அது துருப்பிடிக்காது. "அப்படியானால் உப்பு என்ன செய்யும்?" என்று பலர் நினைத்தார்கள். மேலே பளபளவென்று இருக்கும் காரை வாங்கினார்கள். அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உடம்பைத் தாங்கும் சட்டம் இரும்பு! அது அரித்துப் போயிருந்தது. பழைய கார்வெட் வாங்கப் போகிறவர்கள் இன்றும் முதலில் குனிந்துதான் பார்க்கிறார்கள்.

வெள்ளைக் கோடுகள்

சரி, எந்த நாளில் உள்ளே வைப்பது?

டெட்ராயிட்டில் வழக்கமாக நவம்பரில்தான் பனி தரையில் தங்கும்படி விழத் தொடங்கும். ஆனால் உப்பு அதற்கு முன்பே வந்துவிடும். இன்று இரவு பனி விழலாம் என்று வானிலை அறிக்கை சொன்னால் போதும். பகலிலேயே லாரிகள் புறப்பட்டு, உப்புத் தண்ணீரைச் சாலையில் தெளித்துவிடும். தண்ணீர் காய்ந்ததும் சாலையில் நீள நீளமாக வெள்ளைக் கோடுகள் தெரியும். வானத்தில் ஒரு துளி பனி இராது. சூரியன் பிரகாசிக்கும். ஆனாலும் அனுபவசாலிகள் அந்தக் கோடுகளைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

டயரும் ஒரு எச்சரிக்கை கொடுக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகத்துக்கென்றே செய்த கோடை டயர்கள் உண்டு. வெயிலில் அவை சாலையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் சுமார் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே குளிர்ந்தால், ரப்பர் விறைத்துவிடும். பிடிப்புக் குறையும். உறைபனிக்கும் கீழே போனால் வெடிப்புகூட விழலாம் என்று டயர் செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். பலமான எஞ்சின், விறைத்த டயர், ஈரமான இலைகள் உதிர்ந்து கிடக்கும் சாலை. மூன்றும் சேர்ந்தால் கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது.

ஆகவே எச்சரிக்கையான ஆசாமி அக்டோபர் கடைசியிலேயே காரை உள்ளே வைத்துவிடுவார். ஆனால் மனம் கேட்க வேண்டுமே! அக்டோபர்தான் மிச்சிகனில் மிக அழகான மாதம். மரங்கள் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். கூரையைத் திறந்துவிட்டு, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு போவதில் ஒரு தனி சுகம்.

"இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்பார் கணவர்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள்" என்பாள் மனைவி.

இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களில் நரைத்த தலைகள் அதிகம். வாலிபத்தில் ஆசைப்பட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து முடித்த பிறகு வாங்கியிருப்பார்கள். கார் ஓட்டக் கிடைப்பது வருஷத்தில் ஏழு மாதம்தான். அறுபத்தைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பது லேசான விஷயம் அல்ல. இதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது.

கொஞ்சம் தாமதமாகி, சாலையில் உப்பு விழுந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து சாலையைக் கழுவிவிட்டால், காய்ந்த ஒரு நாளில் கடைசி ஓட்டம் ஓடலாம். உப்பு பட்ட காரைக் கழுவாமல் உள்ளே வைப்பதுதான் பெரிய தவறு. அதிலும் கணப்பு உள்ள ஷெட்டாக இருந்தால் இன்னும் மோசம். வெதுவெதுப்பும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு வேகமாகப் பரவும்.

ஜெர்மனியில் நம்பரே சொல்லும்

ஜெர்மனியில் இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். 1997 முதல் அங்கே பருவகால நம்பர் பிளேட் உண்டு. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை கார் ஓடும் என்பதை, பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பிளேட்டின் ஓரத்தில் 04, 10 என்று இரண்டு எண்கள் இருந்தால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று அர்த்தம். வரியும் இன்ஷூரன்ஸும் அந்த மாதங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். மற்ற மாதங்களில் அந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது, நிறுத்தவும் கூடாது.

கணவன் மனைவி விவாதத்துக்கு இடமில்லை. நவம்பர் முதல் தேதி வெயில் பளிச்சென்று அடித்தாலும் கார் உள்ளேதான். சிக்கனம் இருக்கிறது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

கடைசி ஓட்டம்

டெட்ராயிட்டில் கடைசி ஓட்டத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் அழுக்கும் மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் தங்கக்கூடாது. பெட்ரோலைத் தொட்டி நிறைய நிரப்புவார்கள். காலி இடம் இருந்தால் ஈரம் சேரும். பெட்ரோல் கெடாமல் இருக்க ஒரு மருந்தையும் அதில் ஊற்றுவார்கள். பிறகு ஒரு சுற்றுப் போய்வந்தால்தான் மருந்து எஞ்சின் வரை போய்ச் சேரும். போய்வர ஒரு சாக்கும் ஆயிற்று!

வீடு திரும்பியதும் அடிவயிறு உட்பட நன்றாகக் கழுவித் துடைப்பார்கள். டயர்களில் காற்றைச் சற்று அதிகம் வைப்பார்கள். கைப் பிரேக் போடுவதில்லை. போட்டு மாதக்கணக்கில் விட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். பாட்டரிக்குச் சிறிய சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுவார்கள். முழுச் சார்ஜ் உள்ள பாட்டரி அந்தக் குளிரில் உறையாது. காலியானால் உறைந்து பிளந்துவிடும். மேலே போர்த்துவது காற்றுப் போகும் துணி. பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

சிலர் ஆசை தாங்காமல், வாரம் ஒருமுறை ஷெட்டுக்குள்ளேயே எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிடுவார்கள். காருக்கு நல்லது என்று நினைப்பு. உண்மையில் கெடுதல். எஞ்சின் சரியாகச் சூடேறாததால் உள்ளே தண்ணீர் சேரும். ஷெட்டுக் கதவு மூடியிருந்தால், அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும். தூங்குகிற காரை எழுப்பாமல் இருப்பதே மேல்.

கடைசி எதிரி எலி. குளிருக்குப் பயந்து அதுவும் ஷெட்டுக்குள்தான் வரும். சீட்டுப் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டும். ஒயரைக் கடிக்கும். அதனால் புகைக் குழாயின் வாயில் எஃகு நாரை உருட்டி அடைப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் நார் போன்றதுதான்.

ஏப்ரல் வரும். மழை பெய்து சாலையில் உள்ள உப்பு போகும். கார்க்காரர் ஐந்து மாத ஆசையோடு ஓடிவந்து, போர்வையை உருவிவிட்டுச் சாவியைத் திருகுவார். அந்த அவசரத்தில் குழாயில் அடைத்த நார் ஞாபகம் வருமா?

அதற்காகவே, ஷெட்டுக் கதவைச் சாத்துவதற்கு முன் மனைவி ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுவாள்: "முதலில் பின்னால் போய் நாரை எடுக்கவும்."