புகையின் கணக்கு யாரைச் சாரும்?

புகை எழுகின்ற இடத்திலேயே அதனைக் கணக்கிடுதல் எளிது. ஆலையின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகின்றது. எரிந்த நிலக்கரியின் நிறையும் ஏட்டிற் பதிவாகின்றது. ஆயின், அப்புகை எவருடைய தேவைக்காக எழுந்தது என வினவினால், விடை எளிதிற் கிட்டுவதில்லை. சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கும் அதனைச் சூழ்ந்துள்ள ஹெபெய் மாகாணமும் இவ்வினாவை விளக்குதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

பெய்ஜிங்கின் மேற்குப் புறத்திலே 1919ஆம் ஆண்டு நிறுவப்பட்டது ஷௌகாங் உருக்காலை. நகருக்கு வேலையும் உருக்கும் தந்த அவ்வாலையே நகரின் காற்றையும் மாசுபடுத்தியது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே உருக்கு உற்பத்தி முற்றாக நின்றது. அதற்கு ஈடாக ஹெபெய்க் கடற்கரையிலுள்ள சாவோபெய்தியெனிற் புதிய ஆலை எழுந்தது. பழைய ஆலையின் வளவிலே 2022ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் பனிச்சறுக்குப் போட்டிகள் சில நடைபெற்றன. தலைநகரின் ஏட்டிலே உருக்காலையின் புகை நீங்கியது. ஆயினும், அந்நகரின் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் வேண்டிய உருக்கு எங்கிருந்தோ வந்துகொண்டுதான் இருக்கின்றது.

இவ்வாறு இடம்மாறிய புகையைப் பின்தொடர உதவுவது உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணை. அமெரிக்காவிற் பணியாற்றிய பொருளியலறிஞர் வசிலி லியொன்டீவ் 1936இல் இம்முறையை வெளியிட்டார். 1973இல் நோபல் பரிசும் பெற்றார். அட்டவணையில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிரையும் ஒரு நிரலும் உண்டு. நிரை வழியே நோக்கின், அத்துறையின் விளைபொருள் எந்தெந்தத் துறைகளுக்குச் சென்றது என்பது புலனாகும். நிரல் வழியே நோக்கின், அத்துறை எந்தெந்தத் துறைகளிலிருந்து பொருள் பெற்றது என்பது விளங்கும்.

தலைநகரில் எழும் ஒரு கட்டடத்துக்கு 100 தொன் உருக்கு வேண்டும் எனக் கொள்வோம். ஊதுலை வழியாக ஒரு தொன் உருக்கு ஆக்கும்போது ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆகவே, கட்டட வேலைத்தலத்தில் புகையே இல்லாதபோதும், அக்கட்டடத்துக்காக ஏறத்தாழ 200 தொன் காபனீரொட்சைட்டு வேறோரிடத்தில் வெளியேறியிருக்கும். கதை இத்துடன் முடிவதில்லை. உருக்காலைக்கு மின்சாரம் வேண்டும்; மின்னிலையத்துக்கு நிலக்கரி வேண்டும்; சுரங்கத்துக்கோ மீண்டும் உருக்கு வேண்டும். இச்சுற்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே செல்லும். இச்சுற்றுகள் அனைத்தையும் ஒருங்கே கூட்டித் தருவதே அட்டவணையின் ஆற்றல். மாகாணங்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலையும் அதிற் சேர்த்துவிட்டால், புகை எல்லை கடந்த வழியும் தெரியவரும்.

சீனத்தின் 2007ஆம் ஆண்டுத் தரவுகளை இவ்வாறு ஆராய்ந்த ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. நாட்டின் காபனீரொட்சைட்டு வெளியீட்டில் 57 வீதம், உற்பத்தியான மாகாணத்துக்கு வெளியே நுகரப்பட்ட பொருள்களைச் சார்ந்தது என அது காட்டிற்று. செல்வம் மிக்க கரையோரப் பகுதிகளின் தேவைக்காக, வறிய மாகாணங்களில் நிலக்கரி எரிந்தது.

இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. சீனத்தின் உருக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹெபெயில் உற்பத்தியாகின்றது. வெளியேறும் காபனீரொட்சைட்டு உலகம் முழுவதற்கும் பொதுவான கேடு. அதனுடன் வரும் தூசியோ ஆலையை அண்டி வாழ்வோரின் மார்பையே சென்றடைகின்றது. ஆலையை மூடினால் வேலை இழப்போரும் அவர்களே. புகை எழுந்த இடத்தை மட்டும் நோக்கிப் பழி சுமத்தினால், பொருளை வாங்கியவர் கணக்கிலிருந்து தப்பிவிடுவார்.

உற்பத்தி செய்வோருக்குப் பொறுப்பே இல்லை என்பது இதன் கருத்தன்று. சிறந்த உலையை அமைப்பது அவர்கள் கையிலேயே உள்ளது. ஆனால், அதற்காகும் செலவில் ஒரு பங்கை உருக்கைப் பயன்படுத்தும் நகரமும் ஏற்றல் முறையாகும். ஊர் எல்லையைக் கடந்த புகை ஏட்டிற் குறையலாம், வானத்திற் குறைவதில்லை.