கேஸ் தீர்ந்துபோவதில்லை

கார் ஏ.சி.யில் குளிர்ச்சி குறைந்ததும் ஒர்க்‌ஷாப்பில் காதில் விழும் முதல் சொல், ‘கேஸ் தீர்ந்துபோச்சு’. பெட்ரோல் எரிந்து தீரும், ஏ.சி. கேஸ் அப்படித் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் ஒரே கேஸ்தான் ஓயாமல் சுற்றிவருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ரப்பர் ஹோஸ்கள் வழியாகக் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆறே மாதத்தில் மறுபடி ‘தீர்ந்தால்’, போன முறை கொடுத்த காசு காற்றோடு போய்விட்டது என்றுதான் பொருள்.

என்ஜின் பெல்ட்டால் ஓடும் கம்ப்ரஸர் கேஸை அழுத்துகிறது. அழுத்தத்தில் கேஸ் சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றுக்குப் போக, கேஸ் திரவமாகிறது. திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பீறிடுகிறது. அங்கே அழுத்தம் திடீரென்று குறைவதால் கொதித்து ஆவியாகி, காயிலைத் தொட்டுச் செல்லும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஊசி போடுமுன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட் தோலில் சில்லென்று படுவதும் இதே காரணத்தால்தான். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது.

கோளாறு எங்கே என்பதை அறிகுறிகளே பாதி சொல்லிவிடும். காற்று குளிராக இருந்தும் வேகமாக வராவிட்டால், பெரும்பாலும் கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். கிளவுபாக்ஸுக்குப் பின்னால் கைக்கு எட்டும் அந்த ஃபில்டரை மாற்ற பல கார்களில் மெக்கானிக்கே தேவையில்லை. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் வெதுவெதுப்பானால், கண்டென்சர் ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்டென்சரின் இடுக்குகளில் மண் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகிறது என்றால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காற்று பலமாக வந்தும் குளிரே இல்லாவிட்டால், கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கிறதா என்று காது கொடுக்கலாம். ஃபியூஸ், ரிலே, எலி கடித்த ஒயர் என்று அற்பக் காரணங்களும் இதில் உண்டு. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை; அது காயிலில் படியும் ஈரம். அந்தத் தண்ணீர் வெளியே வராமல் கால்மிதி நனைந்தால்தான் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது.

கேஸ்தான் குறைவு என்று தெரிந்தால் அடுத்த வேலை ஓட்டையைத் தேடுவது. கேஸோடு எண்ணெயும் கலந்து ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். நைட்ரஜனை அழுத்தி ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இன்னொரு வழி. ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் புற ஊதா விளக்கில் பார்ப்பது மற்றொன்று. கூலிங் காயிலில் கசிவு என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். கூலி அதிகம் என்பதால்தான் ‘இப்போதைக்கு கேஸ் மட்டும் போட்டுக்கலாம்’ என்ற சமாதானம் இங்கே எடுபடுகிறது.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்யூம் பம்ப் குறைந்தது அரைமணி நேரமாவது ஓட வேண்டும். காற்றை மட்டும் எடுப்பதற்கல்ல இது. வெற்றிடத்தில் உள்ளிருக்கும் ஈரமும் கொதித்து வெளியேறும். ஈரம் தங்கினால் வால்வுத் துளையில் ஐஸாக அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்ப்பை நிறுத்தியபின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். சிறிய கார்களுக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஏ.சி. ஓடாதபோது கேஜைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை, 30 டிகிரி வெப்பத்தில் அது ஏறத்தாழ 95 பி.எஸ்.ஐ.யைத்தான் காட்டும். சமையல் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அடுப்புச் சுடரைப் பார்த்து அறிய முடியுமா? தூக்கித்தான் பார்க்க வேண்டும். ‘ரெண்டு பாயின்ட் கூடவே போட்டிருக்கேன்’ என்பதும் உதவியல்ல; அளவு மீறினால் அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையும்.

கசிவைச் சரிசெய்யாமல் கேஸ் போடுவதில் பர்ஸுக்கு வெளியேயும் ஒரு கணக்கு உண்டு. ஓசோன் படலத்தை அரித்த ஆர்-12 கேஸுக்கு 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை முடிவு கட்டியபின் வந்தது ஆர்-134ஏ. இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,400 மடங்குக்கு மேல் வலுவானது. அரைக் கிலோ கசிந்தால் சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில், சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்பும் தூரம் அது.

கசிவை அலட்சியப்படுத்தினால் கடைசியில் அடிவாங்குவது கம்ப்ரஸர். பெரும்பாலான கார்களில் சுற்றிவரும் கேஸ்தான் கம்ப்ரஸருக்கு எண்ணெயைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் குறைந்து உள்பாகங்கள் உரசித் தேயும். அந்த உலோகத்தூள் கண்டென்சர் வரை பரவிவிடும். அப்போது கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது. கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், வால்வு மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் மிச்சத் தூள் புதிய கம்ப்ரஸரையும் தின்றுவிடும்.

மின்சாரக் கார்களில் பெல்ட் இல்லை. உயர் மின்னழுத்தத்தில் ஓடும் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அதனால் எண்ணெயும் மின்சாரத்தைக் கடத்தாத வேறு வகை. பெட்ரோல் கார்களுக்குப் போடும் எண்ணெய் அதில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெடும். பேட்டரியைக் குளிர்விக்கும் வேலையும் பல மின்சாரக் கார்களில் இதே ஏ.சி.க்குத்தான்.