விளையாட்டுத் திறனும் கல்லூரிப் படிப்பும்

செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில், ஆலம்பரைக் கோட்டைக்கு அருகே அமைந்துள்ளது கடப்பாக்கம். இதனைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் விவசாயக் கிராமங்களிலும் ஓட்டத்திலும் கபடியிலும் வாலிபாலிலும் தேர்ந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அவர்களுள் பலருடைய விளையாட்டு பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பையன் வலை இழுக்கப் போகிறான்; பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். அதே திறனைக் கொண்டு ஒரு கல்லூரியில் இடமும், சில சமயம் உணவும் உறைவிடமும் பெறக்கூடும் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. சொல்லுகிறவர்களும் காலம் கடந்தபின்பே சொல்லுகிறார்கள்.

விளையாட்டு வீரருக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசு ஒதுக்கீடு. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு நடைபெறுகிறது. விளையாட்டு வீரர்கள் அதில் அடங்குவர். பொறியியல் கலந்தாய்வில் அண்மை ஆண்டுகளில் 500 இடங்களும், மருத்துவத்தில் 7 இடங்களும் இவ்வாறு ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. இங்கே முதலில் எடை போடப்படுவது சான்றிதழ். மற்றொன்று, உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் தங்கள் அணிக்கென ஆள் எடுப்பது. இங்கே மைதானத்தில் நேரில் ஓடிக் காட்ட வேண்டும். பந்தடித்துக் காட்ட வேண்டும். இரண்டு வழிகளுக்கும் ஒருங்கே ஆயத்தம் செய்வதே விவேகம்.

சான்றிதழ் என்றதும் பலர் பொங்கல் விழாவில் வாங்கிய கோப்பைகளை எடுத்து வைக்கிறார்கள். ஊருக்குள் அவற்றின் பெருமை பெரிது; கலந்தாய்வு மேசையில் அவற்றுக்கு மதிப்பில்லை. அங்கே கணக்கில் வருபவை அங்கீகாரம் பெற்ற விளையாட்டுகளில், அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் நடத்தும் போட்டிகளே. பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டப் போட்டியே முதற்படி. அதில் வென்றவர் மாவட்டத்துக்கும், பின் மாநிலத்துக்கும், அதற்கும் மேலே இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்கும் போகலாம். இப்போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரித்து நடத்தப்படுகின்றன. இவையன்றி, மாவட்ட விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் போட்டிகளும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் உண்டு. ஊர்க் கோப்பைகள் பத்து இருந்தும் மாவட்டத்தைத் தாண்டாதவனைவிட, மாநிலப் போட்டியில் ஒரு முறை மூன்றாமிடம் பெற்றவனுக்கே இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஊர்ப் போட்டியை விட்டுவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. குறுவட்டப் போட்டி நடக்கும் நாளில் பையனை நடவுக்கு நிறுத்திவிட்டு, பொங்கல் கோப்பைக்கு மட்டும் அனுப்புவதே தவறு.

ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே இம்முயற்சி தொடங்க வேண்டும். அதற்கு முன்பே திறன் தெரிந்துவிட்டால் ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளை நாடலாம். 7, 8, 9, 11 ஆம் வகுப்புகளில் சேர்வோரைத் தேர்வுப் போட்டி வைத்து எடுக்கிறார்கள். உணவு, உறைவிடம், பயிற்சி ஆகியவை அங்கே கிடைக்கும்.

மதுரைக்கு அருகேயுள்ள சக்கிமங்கலத்தைச் சேர்ந்த வீ. ரேவதியின் வரலாறு இங்கே கருதத்தக்கது. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த அவரையும் தங்கையையும், வயல் வேலையும் செங்கற் சூளை வேலையும் செய்த பாட்டி ஆரம்மாள் வளர்த்தார். பள்ளிப் போட்டியொன்றில் காலணியின்றி ஓடிய ரேவதியைக் கண்ட பயிற்சியாளர் கண்ணன், பயிற்சிக்கு அனுப்புமாறு பாட்டியிடம் கேட்டார். பாட்டி முதலில் இணங்கவில்லை. நாள்தோறும் மதுரைக்குச் சென்றுவரப் பஸ் கட்டணத்துக்கே வழியில்லை என்பது பெரிய தடை. கண்ணன் மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியில் தங்கும் வசதியும் கிடைக்க ஏற்பாடு செய்த பிறகே அத்தடை நீங்கிற்று. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 × 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். ரயில்வேயில் பணியும் பெற்றார். ஓட்டம் அவருடையதுதான். ஆனால் பஸ் கட்டணம் என்னும் சிறிய முடிச்சை அவிழ்க்க இன்னொருவர் வேண்டியிருந்தது. கடப்பாக்கத்துப் பெண்ணுக்கும் செங்கற்பட்டு மைதானம் பக்கத்தில் இல்லை.

பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத்தக்க முதல் உதவி காகிதங்களைப் பற்றியது. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துத் திருத்த வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் பிரிவில் சேர்ப்பது சில இடங்களில் கெட்டிக்காரத்தனமாகக் கருதப்படுகிறது. எலும்பு வயதுச் சோதனையில் அகப்பட்டால் பிள்ளையின் விளையாட்டே பறிபோகும். வென்ற ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அன்றன்றே வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் சரிபார்த்து, பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். கூரைவழி மழை ஒழுகும் வீட்டில் இது சிறு காரியமன்று. விண்ணப்பம் இணையவழியில் என்பதால் பிரதியைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் விளையாட்டுப் பிரிவைக் குறிக்க மறந்துவிட்டால் எத்தனை பதக்கம் இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவில் கல்லூரிப் பயிற்சியாளர்களே பள்ளிகளைத் தேடிச் சென்று மாணவரைப் பொறுக்கியெடுப்பது வழக்கம். அங்கும் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே ஆட அனுமதிக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் பயிற்சியாளர் எவரும் தேடி வரமாட்டார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் நாம்தான் விசாரித்துப் போக வேண்டும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் முதலியவை இம்மாவட்டத்திலேயே உள்ளன. உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோருக்கு மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இடம் தருவதாகச் சொன்னவுடன் மகிழ்ந்து பணம் கட்டிவிடக்கூடாது. கட்டணச் சலுகை மூன்று ஆண்டுகளுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா? விடுதியும் உணவும் அதில் அடங்குமா? காலில் அடிபட்டு ஓராண்டு ஆட முடியாவிட்டால் சலுகை நிற்குமா? போட்டிக்குச் சென்ற நாட்களுக்கு வருகைப் பதிவு தருவார்களா? இவற்றுக்கு எழுத்தில் விடை கேட்பதில் கூச்சம் வேண்டாம். இதை மாணவனைக் கேட்கச் சொல்லாமல் பெரியவர் ஒருவர் உடன் சென்று கேட்பது நன்று. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. சரிபார்த்த பின் அவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேர்வு நாளில் காலை ஏழு மணிக்கே மைதானத்தில் நிற்கச் சொல்லுவார்கள். கடப்பாக்கத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விடியற்காலைப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கிய கால்கள் நூறு மீட்டரை வேகமாகக் கடக்கமாட்டா. முந்தின நாளே புறப்பட்டு, உறவினர் வீட்டில் தங்கி, இரவு நன்கு உறங்கிப் போவது நல்லது. அதற்காகும் பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் ஊரார் பகிர்ந்துகொள்ளலாம்.