எல்ல மலையில் ஒரு கையொப்பம்

பயணம் என்றால் எங்களில் பலருக்கு மூட்டை முடிச்சுகளோடு ஓடிய நாட்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பார்த்து மகிழ்வதற்காக ஓர் இடத்துக்குப் போவது வேறு யாருக்கோ உரியது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். 2024 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அந்த நினைப்பு கொஞ்சம் மாறியது. அதை வாசகிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தங்கை மலையகத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவர் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, ஆசிரியரானவர். "ஒருக்கா வாங்கோ அக்கா" என்று அவள் பல வருடமாகக் கூப்பிட்டும் நான் போகவில்லை. இந்த முறை மகள் பிடிவாதமாக நின்றாள். முல்லைத்தீவில் பஸ் ஏறி, வவுனியா, கண்டி, நுவரெலியா, வெலிமடை என்று மாறி மாறி, நானும் மகளும் மகனும் போய்ச் சேர்ந்தோம்.

மகனுக்கு அப்போது பதினாறு வயது. 2009 இல் அவன் கைக்குழந்தை. நந்திக்கடலைக் கடந்தபோது அவனைச் சேலையால் என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். "அம்மா அந்த முடிச்சை இன்னும் அவிழ்க்கயில்லை" என்று மகள் அடிக்கடி சொல்லுவாள். அவள் சொல்வது உண்மைதான். அந்த நாட்களில் காணாமல்போன கணவரைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு பதிலும் இல்லை. அதனால் மகனைக் கடலில் குளிக்க விடமாட்டேன். சைக்கிளில் தனியாக ரியூசனுக்கு விடமாட்டேன். பாடசாலைச் சுற்றுலாவுக்கு மூன்று தடவை பெயர் கொடுத்து, மூன்று தடவையும் நான்தான் வெட்டுவித்தேன்.

கம்பியில் போன கொழுந்து

மறுநாள் காலை தங்கையின் கணவர் எங்களை எல்லவுக்குக் கூட்டிச் சென்றார். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் அளவு உயரத்தில் உள்ள சின்ன ஊர் அது. 1921 இல் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும், இராவணன் பெயரில் உள்ள நீர்வீழ்ச்சியையும் குகையையும் பார்க்க உலகமெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். 1,141 மீற்றர் உயரமான சின்னச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழியில், தேயிலைச் சரிவுக்கு மேலாக இரண்டு உருக்குக் கம்பிகள் மலைக்கு மலை இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. 'ஃபிளையிங் ராவணா' என்று பெயர். அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளம். உடலில் பட்டிகளை மாட்டி, கம்பியில் ஓடும் கப்பியில் தொங்கிக்கொண்டு, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பறக்க வேண்டும். இதைத்தான் ஸிப் லைன் என்கிறார்கள்.

எனக்கு அது பணக்காரரின் விளையாட்டாகத் தெரிந்தது. எங்களோடு வந்திருந்த தங்கையின் மாமியார் சிரித்தார். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கை அவருடையது. "இது என்னா புதுசு புள்ள? எங்க மாமனாரு காலத்துல கொழுந்து மூட்டைய கம்பியில மாட்டித்தான் மேல் மலையிலேருந்து இஸ்டோருக்கு அனுப்புவாங்களாம். மனுசன்தான் சொமந்துகிட்டு நடக்கணும், மூட்டை பறக்கும்!" என்றார். ஸ்டோர் என்பது அங்கே தேயிலைத் தொழிற்சாலை.

அவர் சொன்னதில் பொய்யில்லை. பாதை இல்லாத மலைகளில் கொழுந்தை இறக்குவதற்கு அந்தக் காலத்துத் தோட்டங்கள் கம்பிகளைப் பயன்படுத்தின. சீனாவின் யுன்னான் மாகாணத்தில், பாலம் இல்லாத ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த மக்கள் பாடசாலைக்கும் சந்தைக்கும் கம்பியில் தொங்கித்தான் ஆற்றைக் கடந்தார்கள். கொஸ்ரா ரிக்கா நாட்டில் மழைக்காட்டு மரங்களின் உச்சியை ஆராயப் போனவர்கள் கயிறு கட்டி ஏறிய பிறகே, அது அங்கே உல்லாசப் பயணிகளுக்கும் பரவியது. வேறு வழியில்லாத ஆட்களின் வழியாகத் தொடங்கியது இன்று விளையாட்டாகி இருக்கிறது.

இரண்டு கொளுக்கிகள்

ஸிப் லைனுக்கு முன்னர், பிள்ளைகள் கயிற்றுப் பாதையில் ஏற விரும்பினார்கள். மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம், ஆடும் பலகைகளும் வலைகளும் கயிறுகளும் கட்டியிருப்பார்கள். "நீங்களும் வாங்கோ அம்மா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். சேலையோடு ஏற முடியாது. தங்கையின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகக் காற்சட்டை!

எங்களுக்குப் பட்டி மாட்டிவிட்டவள் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இருபது வயதிருக்கும். இடுப்புப் பட்டியிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கின, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொளுக்கி. தலைக்கு மேலே ஓடும் காப்புக் கம்பியில் இரண்டையும் மாட்ட வேண்டும். கம்பத்தில் கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும் இடத்தில் ஒரு கொளுக்கியைக் கழற்றி அடுத்ததில் மாட்ட வேண்டும். அது பூட்டிக்கொண்டதை இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். "ரெண்டையும் ஒண்ணா கழட்டவே கூடாது அக்கா. எப்பவும் ஒண்ணு கம்பியில இருக்கணும். அப்ப கால் வழுக்கினாலும் கீழ விழ மாட்டீங்க" என்றாள்.

மூன்றாவது பலகையில் நின்றபோது, எங்கோ மேலே ஒருவர் கம்பியில் பறந்திருக்க வேண்டும். கப்பி கூவிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் என்னவென்று என் அறிவுக்குத் தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை. என்னை அறியாமலே குந்திவிட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பதினைந்து வருடம் கழிந்தும் உடம்பு பங்கரைத் தேடுகிறது.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அடுத்த கம்பத்திலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, அவசரமில்ல. மூச்ச மெதுவா விடுங்க. ஒங்க கொளுக்கி கம்பியிலதான் இருக்கு, தொட்டுப் பாருங்க." தொட்டுப் பார்த்தேன். இருந்தது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, பிறகு எழுந்து நடந்தேன். பாதையை முடிக்கவில்லை. நடுவிலேயே ஏணியால் இறங்கிவிட்டேன். அதிலும் எனக்கு வெட்கமில்லை.

இன்னொரு படிவம்

ஸிப் லைனுக்குப் போகும் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையாததால் பெற்றோரின் கையொப்பம் கேட்டார்கள். படிவத்தை என் கையில் தந்துவிட்டு மகன் தூரப் போய் நின்றான். கெஞ்சவில்லை. 'இல்லை' என்ற பதிலுக்குப் பழகிய பிள்ளை.

சகோதரிகளே, நாங்கள் எத்தனை படிவங்களில் கையொப்பம் வைத்திருப்போம்! காணாமல்போனவருக்காக, நிவாரணத்துக்காக, வீட்டுக்காக, காணிக்காக, மீண்டும் காணாமல்போனவருக்காக. எல்லாவற்றிலும் இழந்ததைத்தான் எழுதினோம். என் பிள்ளையின் சந்தோசத்துக்காக ஒரு படிவம் என் கைக்கு வந்தது அதுதான் முதல்தடவை. பேனை நடுங்கியது. கொடுத்தால், ஏதும் நடந்தால் யாரைக் கேட்பது? கொடுக்காவிட்டால், இவன் எப்போதுதான் தன் கையால் ஒரு கொளுக்கியை மாட்டப் பழகுவான்?

"நானும் பக்கத்துக் கம்பியில வர்றேன் அக்கா" என்றார் தங்கையின் கணவர். இரண்டு கம்பிகளிலும் இருவர் ஒரே நேரத்தில் போகலாம். அவருக்கும் பயம்தான், முகம் வெளிறியிருந்தது. நான் கையொப்பம் வைத்தேன்.

நிறுத்துப் பார்த்தார்கள். ஹெல்மெட், பட்டிகள், கொளுக்கிகள் எல்லாவற்றையும் ஒருவர் மாட்ட, இன்னொருவர் மறுபடி இழுத்துப் பார்த்தார். மகன் தன் செருப்பை என்னிடம் தந்தான். பிறகு கப்பி கூவியது. இம்முறை நான் கண்ணை மூடவில்லை. பச்சைச் சரிவுக்கு மேலே ஒரு குருவியளவாகிப் போனான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கோ பதினைந்து வருடம் போலிருந்தது.

திரும்பி வந்தவன் என்ன சொல்லுவான் என்று காத்திருந்தேன். வேகத்தைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ அவன் பேசவில்லை. "அம்மா, கீழ கொழுந்தெடுக்கிற ஆக்கள் கை காட்டினவை. நானும் கையை விட்டுட்டுக் காட்டினனான்" என்றான். கையை விட்டானாம்! என் வயிறு ஒருகணம் கலங்கியது. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

நீங்களும் போவதென்றால்

எல்லோரும் மலையேறிப் பறக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டணமும் எங்கள் வருமானத்துக்குக் கூடத்தான். இப்படியான இடத்துக்குப் பிள்ளைகளோடு போனால் சிலவற்றைக் கவனியுங்கள். பட்டியையும் கொளுக்கியையும் இரண்டாவது ஆள் சரிபார்க்கிறாரா என்று பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். மழை, இடி மின்னல் நேரத்தில் ஏற வேண்டாம். நீளச் சால்வை, அவிழ்ந்த தலைமுடி, சங்கிலி எதுவும் கப்பியில் சிக்கலாம். உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், செயற்கைக் கால் அணிந்தவர்கள், இருதய நோயாளர், கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். சத்தம் உங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகுமென்றால் அதையும் சொல்லுங்கள். பாதியில் இறங்குவது தோல்வியல்ல.

ஊருக்குத் திரும்பிய அடுத்த கிழமை, மகன் சைக்கிளில் ரியூசனுக்குத் தனியாகப் போனான். போய்ச் சேர்ந்ததும் கோல் எடுக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமான ஒப்பந்தம். அது அவனுடைய ஒரு கொளுக்கி. மற்றதைக் கழற்ற நான் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் கோல் வரும்வரை படலையடியில்தான் நின்றேன். இப்போது அடுப்படியில் நின்றே எடுக்கிறேன்.