செம்பருத்தி எங்கே போச்சு?

கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு செம்பருத்திப் பூ. வண்ணப் புகைப்படத்தில் கண்ணைப் பறிக்கிறது. அதையே கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால், சில சமயம் பூ இருந்த இடமே தெரியாது. ஏன் தெரியுமா?

கணினியில் வண்ணப் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்திலோ ஒரு புள்ளிக்கு ஒரே எண்தான். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. நடுவில் உள்ளவை எல்லாம் சாம்பல். (பெயர்தான் கறுப்பு வெள்ளை. படம் முழுக்கச் சாம்பல்தான்!)

மூன்று எண்களை எப்படி ஒன்றாக்குவது? "கூட்டி மூன்றால் வகுத்தால் போச்சு" என்பீர்கள். அப்படிச் செய்தால் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் மூன்றுமே 85 என்ற ஒரே சாம்பலாகிவிடும். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லையே! பச்சைதான் நமக்கு மிகவும் பளிச்சென்று தெரியும். அடுத்தது சிவப்பு. நீலம் மங்கல்தான். அதனால் சிவப்பில் நூற்றுக்கு 29.9 பங்கு, பச்சையில் 58.7 பங்கு, நீலத்தில் 11.4 பங்கு எடுத்துக் கூட்டுகிறார்கள்.

இது தொலைக்காட்சிக்காகப் போட்ட கணக்கு. 1953-இல் அமெரிக்காவில் இந்த முறை வண்ண ஒளிபரப்புக்கு அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கியவர்கள் என்ன செய்வார்கள், பாவம்! அவர்களுக்காக வெளிச்ச அளவைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து, சேர்த்து அனுப்பினார்கள். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியைத் தூர்தர்ஷன் வண்ணத்தில் காட்டியபோது, நம் நாட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் படம் தெரிந்தது இப்படித்தான். தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, பூவுக்கு வருவோம். முழுச் சிவப்பு 255. கணக்குப்படி அதன் சாம்பல் 76. இலையின் கரும்பச்சை 130 என்றால் அதற்கும் 76! இரண்டும் ஒன்றானால் பூ எப்படித் தெரியும்? சில மென்பொருள்களில் பங்கை மாற்றும் வசதி உண்டு. சிவப்பின் பங்கைக் கூட்டினால் பூ மறுபடி பளிச்சிடும். ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டி, நீல வானத்தைக் கறுப்பாக்கி மேகத்தை எடுப்பாகக் காட்டியதும் இதே தந்திரம்தான்.

ஒன்று கவனியுங்கள். 76 என்ற எண்ணை மட்டும் பார்த்தால், அது பூவா இலையா என்று கணினிக்குத் தெரியாது. ஊகிக்கத்தான் முடியும். ஆகவே அசல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நகல் ஒன்றில் மாற்றுங்கள். வண்ண வரைபடத்தை ஜெராக்ஸ் எடுப்பதாக இருந்தால், நிறத்தோடு கோடு, புள்ளி என்று வேறு அடையாளமும் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாவட்டம் ஒன்றாகிவிடும்!

இப்போது ஒரு கணக்கு. திரையில் மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. அதன் சாம்பல் எண் என்ன?

(விடை: 226)