நகரும் ரூட்டர் மேசை

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் பெரிய மகிழுந்துத் தொழிற்சாலையொன்று இயங்கத் தொடங்கியது. இத்தொழிற்சாலைகளைச் சூழ்ந்து உதிரிபாக நிறுவனங்கள் பெருகின. கடல் கடந்து வரும் எந்திரங்களும் உதிரிபாகங்களும் மரப்பெட்டிகளிலும் பேலட் எனப்படும் மரத்தட்டுகளிலும் வந்து இறங்குகின்றன. சரக்கு இறங்கியபின் எஞ்சும் மரம், வீட்டில் தச்சுவேலை பழகுவோருக்கு மலிவான மூலப்பொருளாகிறது. அதனைக்கொண்டு செய்யத்தக்கவற்றுள் ஒன்று ரூட்டர் மேசை.

மரத்தை எடுக்கும்முன் அதிலுள்ள முத்திரையைப் படித்தல் வேண்டும். மரத்துடன் பூச்சிகளும் நாடுவிட்டு நாடு செல்வதைத் தடுக்க, 2002இல் ஒரு பன்னாட்டு விதி ஏற்கப்பட்டது. ‘எச்.டி.’ என்னும் எழுத்துகள், மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததைக் குறிக்கும். ‘எம்.பி.’ என்றிருப்பின் அது மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. வீட்டுப் பயன்பாட்டிற்கு அதனைத் தவிர்ப்பதே முறை. முத்திரையற்றதும் எண்ணெய் ஊறியதும் வேண்டா. ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிய பின்னரே மரம் வேலைக்கு ஆகும்.

முன்பு தச்சர்கள் காடி இழைப்புளியால் இழுத்த காடியையும், கைத்திறத்தால் வளைத்த விளிம்பையும் இன்று ரூட்டர் நொடியில் செய்கிறது. மின்மோட்டாரின் நுனியில் வெட்டலகைப் பொருத்திய கருவி இது. கையில் பிடித்து வேலை செய்யும்போது மரம் அசையாதிருக்க, கருவி நகரும். சிறிய மரத்துண்டுகளுக்கு இம்முறை ஒவ்வாது. எனவே கருவியை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, அலகு மட்டும் மேலே தெரியுமாறு அமைப்பர். இப்பொழுது கருவி நிற்க, மரம் நகர்கிறது.

பேலட் சட்டங்கள் கால்களுக்குப் போதும். மேற்பலகைக்கு அவை உதவா, 18 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டினைச் சேர்த்து ஒட்டுவது வளையாமல் நிற்கும். கருவியைத் தாங்கும் அலுமினியத் தகடு, பலகையின் மட்டத்தோடு ஒன்றியிருத்தல் இன்றியமையாதது. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் சிறு மேடும் மரத்தை நடுவழியில் நிறுத்திவிடும்.

அலகின் விட்டம் 50 மி.மீ. என்றும், அது நிமிடத்திற்கு 22,000 முறை சுழல்வதாகவும் கொள்வோம். அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர், அதாவது மணிக்கு 207 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். சுழற்சியை 10,000 ஆகக் குறைத்தால் அவ்வேகம் 94 கிலோமீட்டராகும். பெரிய அலகிற்குக் குறைந்த சுழற்சி என்னும் விதி இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. அலகின் தண்டும் பிடிப்பானும் ஒரே அளவினவா என்பதையும் நோக்க வேண்டும். 6 மி.மீ. தண்டினைக் கால் அங்குலப் பிடிப்பானில் செருகுவோர் உளர். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; அந்த இடைவெளி போதும், அலகு கழன்று பறப்பதற்கு.

மேசையில் தலைகீழாக நிற்கும் அலகு, மேலிருந்து நோக்கின் இடஞ்சுழியாகச் சுழலும். பணிசெய்பவரின் பக்கம் அதன் பற்கள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. ஆகவே, மரத்தை வலமிருந்து இடமாக, பற்களை எதிர்த்தே செலுத்த வேண்டும். திசை மாறினால் பற்கள் மரத்தைக் கவ்வி இழுத்தெறியும். மரத்தைப் பற்றிய விரல்களும் அதனுடன் அலகை நோக்கி இழுக்கப்படும். அணைப்புப் பலகைக்கும் அலகிற்கும் இடையே மரத்தைச் செலுத்துவதும் இதே கேட்டினைத் தரும். அங்குப் பற்களின் திசை எதிரானது.

மற்றோர் இடர் மின்தடையால் வருவது. வெட்டும்போது மின்சாரம் நின்றால், பழகாதவர் சுவிட்சை மறந்து அலகைத் தொட்டுப் பார்ப்பார். அந்நேரம் மின்சாரம் திரும்பினால் கருவி தானே சுழலும். வயல்வெளிப் பம்புசெட்டுகளில் பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கொண்ட ஸ்டார்ட்டரை மாணவர்கள் கண்டிருப்பர். மின்சாரம் போனால் அது தானே விடுபடும்; பச்சையை மீண்டும் அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. அத்தகைய சுவிட்சு ஒன்றை மேசையின் முன்புறம், முழங்காலுக்கு எட்டும் உயரத்தில் பொருத்துதல் நன்று. (பம்புசெட்டுகளில் சிலர் இணைக்கும் ‘ஆட்டோ’ அமைப்பு இங்குக் கூடவே கூடாது.)

வாடகை வீடுகளில் பட்டறைக்கெனத் தனி அறை அமைவது அரிது. மாலையில் முற்றத்தில் வேலை, இரவில் படிக்கட்டின் அடியில் இடம் என மேசை நகர வேண்டியிருக்கிறது. ஆனால் வெட்டும்பொழுது அது இம்மியும் அசையலாகாது. நான்கு கால்களிலும் சக்கரம் பூட்டினால், தடை போட்டாலும் சிறு ஆட்டம் எஞ்சும். பின்கால்கள் இரண்டின் வெளிப்புறத்தில் மட்டும், தரைக்குச் சற்று மேலே சக்கரங்களைப் பொருத்துவது எளிய வழி. மேசை நிமிர்ந்து நிற்கும்போது நான்கு கால்களும் தரையில் ஊன்றும், சக்கரங்களுக்கு வேலையில்லை. முன்பக்கக் கைப்பிடியைத் தூக்கினால் மேசை பின்புறம் சாய்ந்து சக்கரங்கள் தரையைத் தொடும். பிறகு கைவண்டியைப் போல அதனைத் தள்ளிச் செல்லலாம். தள்ளும்முன் மின்செருகியைக் கழற்றி, அலகையும் எடுத்துவிடுவர்.