தி கிரீட்டிங் (காணொளிக் கலைப்படைப்பு)

தி கிரீட்டிங் (பொருள்: வாழ்த்து) என்பது அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா (1951–2024) 1995-இல் உருவாக்கிய காணொளிக் கலைப்படைப்பு ஆகும். இத்தாலிய ஓவியர் பொந்தோர்மோ வரைந்த, மரியா எலிசபெத்தைச் சந்திக்கும் ஓவியம் இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. அதே ஆண்டு வெனிஸ் பினாலேயின் அமெரிக்க அரங்கில் இது காட்சிக்கு வைக்கப்பட்டது.

மூல ஓவியம்

லூக்கா நற்செய்தியின்படி, இயேசுவைக் கருத்தாங்கிய மரியா, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த தன் உறவினர் எலிசபெத்தைக் காணச் செல்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர் செபமாலை சொல்லும்போது, மகிழ்ச்சி நிறை மறையுண்மைகளில் இரண்டாவதாகச் சிந்திப்பது இந்நிகழ்வையே. பொந்தோர்மோ இதனை ஏறத்தாழ 1528–29-இல் வரைந்தார். பிளாரன்சுக்கு அருகிலுள்ள கார்மிஞ்ஞானோ ஊர்த் தேவாலயத்துக்கு உரியது இவ்வோவியம். மரியாவும் எலிசபெத்தும் தழுவிக்கொள்ள, பின்னால் நிற்கும் இரண்டு பெண்கள் பார்வையாளரை நேராக நோக்குகின்றனர்.

காணொளி

வயோலா விவிலியப் பெயர்களை நீக்கி, நிகழ்வை இக்காலத் தெருவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கின்றனர். மூன்றாவதாக ஒரு பெண் வந்து, அவர்களில் மூத்தவரைத் தழுவிக் காதில் ஏதோ சொல்கிறார். மற்றவர் தனித்து விடப்படுகிறார்; பிறகுதான் அறிமுகம் நடக்கிறது.

ஏறத்தாழ 45 நொடிகளில் முடிந்த இச்சந்திப்பு, திரையில் சுமார் 10 நிமிடங்கள் நீள்கிறது. வழக்கமான திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படும். இது 300 சட்டங்களில், 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டது. தமிழ்த் திரைப்படங்களில் இந்த மெதுவியக்க உத்தி பெரும்பாலும் நாயகனின் வருகையையும் சண்டையையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. இங்கு அது, இயல்பான வேகத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் தயக்கத்தையும் விலக்கப்பட்டவரின் முகமாற்றத்தையும் காட்டுகிறது. ஓவியர் ஒரு கணத்தை நிறுத்திவைத்தார். வயோலா அக்கணத்தை விரித்தார். மூல ஓவியத்தின் கதை தெரியாதவருக்கும் படைப்பு புரிவதற்கு இதுவே காரணம்.

தாக்கமும் விமர்சனமும்

வயோலா 1970-களின் நடுப்பகுதியில் பிளாரன்சில் பணியாற்றியவர். அந்நகரின் ஸ்த்ரோசி மாளிகையில் 2017-இல் நடந்த கண்காட்சியில், பொந்தோர்மோவின் ஓவியமும் இக்காணொளியும் ஒன்றாக வைக்கப்பட்டன. 2019-இல் இலண்டன் ராயல் அகாதமி, வயோலாவின் படைப்புகளை மைக்கலாஞ்சலோவின் கோட்டோவியங்களுடன் காட்டியபோது விமர்சனங்கள் கலவையாக இருந்தன. பழைய மேதைகளுக்கு அருகில் காணொளிகள் மிகையுணர்ச்சியாகத் தெரிகின்றன என்பது ஒரு தரப்பின் குறை. வேகமாகப் பார்த்துக் கடக்கும் பழக்கத்தை இவை தடுத்து நிறுத்துகின்றன என்பது மறுதரப்பின் பதில்.

மசோலினோ 1424-இல் வரைந்த சுவரோவியத்தைத் தழுவி, வயோலா 2002-இல் 'எமெர்ஜன்ஸ்' என்ற காணொளியையும் உருவாக்கினார்.